பச்சைக்குப் பொத்தான் இல்லை

கோவை திரும்பி வந்திருந்தது.
மேலுறையில் சிவப்பு மையில் ஒரே வரி:
"இணைப்பு நான்கைப் பார்க்கவும். பயிர் செழிப்பாக உள்ளது."

இணைப்பு நான்கு
நான் எடுத்த பிரதிதான்.
நெய்னார்லெவ்வையின் பள்ளவெளிக் காணி,
இரண்டரை ஏக்கர்,
அறக்கொட்டி குடித்து முடித்தது.
வட்டவிதானை போனில் பிடித்து
கல்முனையில் கழுவி எடுத்த படம்.
மூலத்தில் அது வைக்கோல்.
எங்கள் மெசினுக்குள் போய் வந்ததும்
பூசணிக் கொடி மாதிரி ஒரு பச்சை.

மெசினைக் குற்றம் சொல்ல முடியாது.
யாரோ ஒரு நாள் ஏதோ வாழ்த்து மடலுக்காக
'பளிச்' என்ற தெரிவை அழுத்திவிட்டுப் போயிருக்கிறார்கள்.
அன்றிலிருந்து அது
கண்டதையெல்லாம் பளிச்சாக்குகிறது,
அடையாள அட்டையில் தூங்கி வழியும் முகங்களை,
உரமானியப் படிவத்துத் தேத்தண்ணிக் கறையை.

"என்ன புள்ள,
என்ட வயல் கொழும்புக்குப் போய்ப் பொழச்சிட்டாமே?"
எனக்கு முன்னால் இருந்த கதிரையில்
தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டிருந்தார்.
சம்மாந்துறையில் மூன்று மணி வெயில்.
கமநல நிலையத்து மின்விசிறி
பெயருக்குச் சுற்றியது.

தெரிவுகளுக்குள் இறங்கினேன்.
எழுத்து; எழுத்தும் படமும்; படம்.
படம் என்றேன்.
பின்னணி நீக்கலை நிறுத்தினேன்,
வரம்பின் வெளிறிய மண்ணைத் தின்றது அதுதான்.
பச்சைக்கென்று ஒரு பொத்தான் இல்லை.
சியானும் மஞ்சளும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால்
அதற்குப் பெயர் பச்சை.
சியானில் ஒன்று குறைத்தேன்.
இன்னும் கதிர் வரும் போலிருந்தது.
இரண்டு.
மூன்றில் வயல் காய்ச்சலில் விழுந்தது.

அவர் எழும்பி வந்து பக்கத்தில் நின்றார்.
"இன்னும் ஒண்டு இறக்குங்களன்.
உழவு மெசின் கூலி அப்பிடியே நிக்குது."
சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.
முழுக்கச் சிரிப்பில்லை.

நாலில் வயல் சாம்பல்.
ஐந்துக்குப் போனால் படத்தின் மூலையில் தெரியும்
பக்கத்துக் காணியும் செத்துவிடும்.
அதன் சொந்தக்காரர் விண்ணப்பிக்கவே இல்லை.

எது சரியென்று யாரைக் கேட்க?
நான் அந்த வயலைப் பார்த்ததில்லை.
சிவப்பு மையும் பார்த்ததில்லை.
பார்த்த வட்டவிதானை
மச்சினன் வீட்டுக் கலியாணத்துக்குப் பொத்துவில் போய்விட்டார்.

நெய்னார்லெவ்வை பையைத் துழாவினார்.
பழைய பேப்பரில் சுற்றிய ஒரு தூர்,
வேரில் சேறு காய்ந்த படி.
"காட்டத்தான் கொண்டு வந்தன்.
ஒருத்தரும் கேக்கல்ல."

கண்ணாடியில் கிடத்தினேன்.
மூடி மூடவில்லை. ஒரு வெள்ளைத் தாளால் போர்த்தி
கையால் அழுத்திப் பிடித்தேன்.
வெளிச்சம் அடியால் ஒரு முறை நடந்து போனது.

தூரையும் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம்.
மூன்றில் கொஞ்சம் பச்சை மிச்சம்.
நாலில் கொஞ்சம் பொய் மிச்சம்.
மூன்றிலேயே விட்டு
மஜென்டாவில் ஒன்று கூட்டினேன்.

அவர் தூரைத் தொடவில்லை.
தாளைத்தான் தொட்டார்.
"இதான்" என்றார்.
கொஞ்ச நேரம் கழித்து,
நாற்பது நாள் தினமும் போய் நின்று பார்த்தவர்,
"இவ்வளவு மோசமா?"

அதே நிறத்தில் இணைப்பு நான்கை எடுத்து
கோவையைக் கட்டினேன்.
கண்ணாடியிலிருந்த சேற்றையும் உமியையும் துடைத்தேன்.
தெரிவுகளைப் பழையபடி மாற்ற மறந்துபோனேன்.

காலையில் பெரியவர்
உற்பத்தித்திறன் போட்டிச் சுற்றறிக்கையில்
நாற்பத்தாறு வண்ணப் பிரதி எடுத்தார்.
ஒவ்வொன்றிலும்
தலைப்புக்கு மேலிருந்த நெற்கதிர்ச் சின்னத்துக்கு
அறக்கொட்டி.